அறுபது சதவீதத்தில் ஒரு மணம்

அறுபது சதவீத மால்ட் ஸ்பிரிட் நிரம்பிய டிரம்மைத் திறக்க நல்ல நேரம் காலை ஏழு மணி. பத்து மணி தாண்டிவிட்டால் திருவொற்றியூர் கிடங்குகளின் தகரக் கூரை காய ஆரம்பித்துவிடும். டிரம்முக்குள் ஆவி சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைக் கால் திருகு திருகும்போதே உஸ்ஸென்று சத்தம் வரும். அந்த நேரத்தில் முகர்ந்தால் மூக்குக்குக் கிடைப்பது எரிச்சல்தான். பழமும் பூவும் தேனும் அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தீ பயமும் உண்டு. அறுபது சதவீத ஸ்பிரிட்டின் ஆவி பற்றிக்கொள்ள 22, 23 டிகிரி சூடு போதும். சென்னையில் அதற்குக் கீழே போகிற பகல் எது? அதனால்தான் பொறி பறக்காத பித்தளைச் சாவியால் மூடியைத் திறப்போம். செல்போன், பீடி, தீப்பெட்டி எல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

மதுபானக் கம்பெனி ஒன்றின் பிளெண்டிங் லேபில் கெமிஸ்டாகச் சேர்ந்து, பிளெண்டராக ஓய்வு பெற்றவன் நான். ஸ்காட்லாந்திலிருந்து மொத்தமாக வரும், முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் ஸ்பிரிட்டைக் கஸ்டம்ஸ் பாண்டட் கிடங்கில் மாதிரி எடுப்பது என் வேலையில் பாதி. அதை லேபில் முகர்ந்து, எந்தப் பிளெண்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது மறுபாதி. கன்டெய்னர் பெரும்பாலும் கொழும்பு வழியாக வரும். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் எண்ணூர் விரைவுச் சாலையின் லாரி வரிசையில் மாட்டிக்கொள்ளும். அந்த வரிசையைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிடங்குக்கு வந்து சேர்ந்த பிறகு பாண்ட் ஆபீசர் சீலைப் பார்ப்பார், கிளியரிங் ஏஜெண்ட் காகிதத்தை நீட்டுவார், கண்ணாடிக் குழாயை டிரம்முக்குள் இறக்கி மாதிரி எடுப்போம். ஒரு பாட்டில் ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் லேபுக்கு, ஒரு பாட்டில் எங்களுக்கு.

அந்த பாட்டிலில் இருந்ததைத்தான் உலகம் இப்போது காஸ்க் ஸ்ட்ரென்த் என்று பெயரிட்டுப் பெட்டியில் வைத்து விற்கிறது. பீப்பாயிலிருந்து இறக்கியபோது என்ன பலத்தில் இருந்ததோ, அதே பலத்தில் தண்ணீர் விடாமல் பாட்டிலில் அடைத்தது. எங்கள் டிரம்களில் வந்தது எப்போதும் ஏறக்குறைய அப்படித்தான். தண்ணீரையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றி வாடகை கொடுக்க யாருக்கு மனம் வரும்? அதனால் இந்த ஊரில் மிகச் சிலருக்கே வாய்த்த ஒன்று எனக்கு வேலை நாளெல்லாம் வாய்த்தது. மால்ட் விஸ்கியை அதன் முழு உடம்போடு முகர்ந்து பார்த்தேன். அதே மால்ட் எங்கள் தொட்டியில் கரும்பு மொலாசஸில் காய்ச்சிய நியூட்ரல் ஸ்பிரிட்டோடும் கேரமலோடும் கலந்து கடைக்குப் போகும்போது, அதில் அந்த மணத்தின் நிழல்தான் மிஞ்சியிருக்கும். மலிவான பிராண்டு என்றால் நிழலும் சொற்பம். மொலாசஸ் ஸ்பிரிட்டில் செய்ததை விஸ்கி என்ற பெயரில் விற்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நம் ஊரில் பல தலைமுறைகளுக்கு விஸ்கி என்றாலே அதுதான்.

டிரம் விஷயத்தில் ஒரு மாற்றம் என் கண்ணெதிரே நடந்தது. 2009-ல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகள், மரப்பீப்பாயில் வைத்து ஸ்காட்ச்சை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்றன. 2012 நவம்பர் 23 முதல் சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பதும் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு ஒரே டிஸ்டில்லரியின் மால்ட் டிரம்மில் வரும். அதன் தனிக்குணம் மூக்குக்குத் தெரியும். அதன் பிறகு மொத்தமாக வருவதெல்லாம் பல டிஸ்டில்லரிகளின் மால்ட்டைக் கலந்தது. நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஆளின் குரலுக்கும் கூட்டத்தின் குரலுக்கும் உள்ள வித்தியாசம் அதில் இருந்தது. சிங்கிள் மால்ட்டின் பெருமை அந்த ஒற்றைக் குரலில்தான் இருக்கிறது. காஸ்க் ஸ்ட்ரென்த் அந்தக் குரலைத் தணிக்காமல் கொண்டுவருகிறது.

பலத்தை அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் குவார்ட்டர் பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். பழைய லேபிள்களில் கூடவே 75 டிகிரி புரூஃப் என்றும் இருக்கும். 42.8 என்ற இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரும் கேட்டதில்லை, குடிப்பவரும் கேட்டதில்லை. பிரிட்டனில் 1816-ல் சைக்ஸ் ஹைட்ரோமீட்டருக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அதன் கணக்கில் நூறு புரூஃப் என்பது 57.1 சதவீத ஆல்கஹால். அதற்கும் முந்தைய காலத்தில் வெடிமருந்தில் சாராயத்தை ஊற்றித் தீ வைத்துப் பார்ப்பார்கள். மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு பலமானது என்று அர்த்தம். 57.1-ல் முக்கால் பங்கு எடுத்தால் 42.8. ஒன்றரை நூற்றாண்டு கலால் இலாகாவின் கணக்கு நம் பாட்டில் லேபிளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடில் உள்ள கிளென்ஃபார்க்ளாஸ் டிஸ்டில்லரி 1968-ல் காஸ்க் ஸ்ட்ரென்த்தைப் பாட்டிலில் அடைத்து முன்னோடியானது. அந்த விஸ்கியின் பெயரான 105 என்பதும் இதே புரூஃப் கணக்குதான். 57.1-ஐ 1.05-ஆல் பெருக்கினால் அறுபது.

இந்தக் கணக்கைச் சென்னை வெயில் குலைக்கும். ஸ்பிரிட் சூடானால் விரிந்து லேசாகும். ஹைட்ரோமீட்டர் கூடுதலாக அமிழும். உண்மையைவிட அதிக பலம் காட்டும். 20 டிகிரிக்கு அளவுதிருத்தம் செய்த கருவியை 33 டிகிரி ஸ்பிரிட்டில் மிதக்கவிட்டால் நான்கு சதவீதத்துக்கும் மேல் ஏற்றிச் சொல்லும். அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் ஹைட்ரோமீட்டரைத் தொடுவதில்லை. திருத்த அட்டவணை எங்கள் லேபில் அரிச்சுவடி மாதிரி புரண்டு கிடக்கும். ஸ்காட்லாந்தில் புதிதாகக் காய்ச்சிய ஸ்பிரிட் எழுபது சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெரும்பாலான இடங்களில் அதைத் தண்ணீர் விட்டு 63.5-க்குக் கொண்டுவந்துதான் பீப்பாயில் நிரப்புவார்கள். அந்தக் குளிரிலும் ஈரத்திலும் ஆண்டுக்கு ஆண்டு ஆல்கஹால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து பலம் இறங்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இறக்கும்போது 55-லிருந்து 60 வரை எங்காவது நிற்கும். எங்கே நிற்கிறது என்பது அந்தப் பீப்பாய், அந்தக் கிடங்கு, அந்த ஊரின் காற்று மூன்றும் சேர்ந்து எழுதிய எண். பாட்டில் லேபிளில் 58.3, 61.8 என்று தசமத்தோடு ஓர் எண்ணைப் பார்த்தால் நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். 1856-ல் திறந்த பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. காசிமேட்டிலிருந்து கருவாட்டு வாசனை, சரக்கு ரயில் தண்டவாளத்தின் அடியில் கிரியோசோட் தார் ஊறிய மரக்கட்டைகள் வெயிலில் வியர்க்கும் வாசனை, படகுக்குப் பூசும் தார், வலைக்கயிறு, துறைமுகத்தில் இறக்கும் நிலக்கரி, டீசல். மழைக்கு முன்னால் காற்று வடக்கிலிருந்து திரும்பினால் எண்ணூர் உரத் தொழிற்சாலைப் பக்கத்து அமோனியா நெடி. இதையெல்லாம் நாற்றம் என்று ஒதுக்கி மூக்கைப் பொத்தப் பழகினவர்கள் உண்டு. எங்கள் தெருவில் மூக்கே கடிகாரம், மூக்கே காலண்டர். எந்தக் கப்பல் வந்திருக்கிறது, எந்த மீன் பாடு, காற்று எந்தப் பக்கம் என்று முகர்ந்தே சொல்லிவிடுவார்கள்.

லேபில் சேர்ந்தபோது என்னைப் பழக்கிய பெரியவர் நிறையப் பேச மாட்டார். முதல் பாடமே இதுதான்: "தம்பி, மூக்கைக் கிளாஸுக்குள்ள விடாத. விளிம்புல வை. வாயைக் கொஞ்சம் தொறந்துக்க. முதல் தடவை ஒண்ணும் தெரியாது, பயப்படாத. கிளாஸைக் கீழ வெச்சுட்டு மறுபடி எடு." வாயைத் திறந்தால் ஆல்கஹாலின் குத்தல் தணியும். அறுபது சதவீதத்தில் முதல் முகர்வு எப்போதும் மூக்கு நரம்பை மரத்துப்போகச் செய்யும். இரண்டாவதில் இனிப்பு வரும். மூன்றாவதில் மரம். தொழிலில் மாதிரிகளை ஒப்பிடும்போது தண்ணீர் விட்டு இருபது சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்வோம். உலகமெங்கும் பிளெண்டர்களுக்கு அதுதான் வழக்கம். குற்றங்குறை அந்தப் பலத்தில்தான் தப்பாமல் தெரியும். முழுப் பலத்தில் முகர்ந்தால் தெரிவது குணம். பெரியவர் இரண்டையும் செய்யச் சொன்னார். முழுப் பலத்தில் முகர்ந்ததை முதலில் எழுதி மூடிவைத்துவிட்டு, பிறகுதான் தண்ணீர் சொம்பை எடுக்க வேண்டும்.

எடின்பரோவின் பென்ட்லண்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1970களின் கடைசியில் விஸ்கி மணங்களுக்கு ஒரு சக்கரம் தயாரித்தார்கள். மணங்களை வகை வகையாகப் பிரித்து வட்டமாக அடுக்கிய படம். எங்கள் லேப் சுவரிலும் அதன் நகல் இருந்தது. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் வரும் ஹெதர் பூவை நான் முகர்ந்ததில்லை. அவர்கள் ஊர் கிறிஸ்துமஸ் கேக்கும் எனக்குப் பழக்கமில்லை. அவர்கள் நினைவில் இருக்கும் மணத்தை நான் என் நோட்டில் எழுதினால் அது பொய்யாகிவிடும். இதை எனக்குத் தெளிவாக்கியவர் காசிமேட்டிலிருந்து வந்து டிரம் திறக்கும் ஓர் அண்ணன். ஒரு தடவை வரிசையாக டிரம்களைத் திறந்துகொண்டே வந்தவர் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். நான் இன்னும் நாலு டிரம் தள்ளி இருந்தேன்.

"சார், இது வேற மாரி கீது. ரயிலு கட்டை வாசனை அடிக்குது பாரு."

காகிதத்தைப் பார்த்தேன். அது பீட் புகை ஏற்றிய மால்ட். பீட் என்பது சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டாகத் தாவரங்கள் மட்கிச் சேர்ந்த கரிமண். அதை எரித்த புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்தினால் ஃபீனால், கிரிசால், குவாயகால் போன்ற பொருட்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சிய பிறகும் தங்கும். தண்டவாளக் கட்டைக்கு ஏற்றும் கிரியோசோட்டிலும் ஃபீனாலும் கிரிசாலும் இருக்கின்றன. அண்ணன் உவமை எதுவும் சொல்லவில்லை. மூலக்கூறின் பெயரைத்தான் தன் பாஷையில் சொன்னார். ஐலா தீவின் லஃப்ராய்க் விஸ்கியை ஆஸ்பத்திரி வாசனை, தார் வாசனை என்று எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ராயபுரத்தில் பிறந்தவனுக்கு அது வீட்டு வாசனை. அன்றிலிருந்து என் நோட்டில் எங்கள் ஊர்ப் பெயர்களையே எழுதினேன். ஓக் மரத்தின் லாக்டோனுக்குக் கொப்பரை. யூஜினாலுக்குக் கிராம்பு; அந்தப் பொருள்தான் கிராம்பிலும் இருக்கிறது. ஐசோஅமைல் அசிடேட்டுக்குப் பழுத்துக் கனிந்த வாழைப்பழம். ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்க்குக் காய்ந்த திராட்சையும் பேரீச்சையும். பெரியவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் நோட்டிலும் கொப்பரை வந்துவிட்டது.

கடற்கரைக் கிடங்கில் முதிர்ந்ததால் விஸ்கிக்குள் கடல் உப்பு இறங்குகிறது என்ற கதையை நான் நம்பியதில்லை. ஐலாவின் கால் ஈலா டிஸ்டில்லரியில் காய்ச்சும் ஸ்பிரிட்டில் பெரும்பகுதி தீவை விட்டு ஸ்காட்லாந்தின் நிலப்பகுதிக்குப் போய்த்தான் முதிர்கிறது. ஆனாலும் குடித்தவர்கள் அதில் கடலைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கடலுணர்வு புகையிலிருந்து வருகிறது என்பதே என் எண்ணம்.

தண்ணீர் விடும் கதைதான் காஸ்க் ஸ்ட்ரென்த்தின் உயிர். நம் ஊரில் இரண்டு வகைக் குடிகாரர்கள். ராவாக அடிப்பதே வீரம் என்பவர் ஒருவர். வாட்டர் பாக்கெட்டைக் கடித்துக் கிளாஸை நிரப்புபவர் இன்னொருவர். இரண்டு பேருக்குமே இந்த விஸ்கி தன் முகத்தைக் காட்டாது. ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலக்கும்போது கிளாஸ் லேசாகச் சூடாகும், மொத்தக் கொள்ளளவு சற்றுச் சுருங்கும். அந்த இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மணப்பொருட்களில் பல தண்ணீரை வெறுப்பவை. ஆல்கஹால் மிகுந்திருக்கும்போது அதற்குள் புதைந்து கிடக்கும். தண்ணீர் ஏறினால் மேற்பரப்புக்குத் தள்ளப்படும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் என்ற இருவர் 2017-ல் இதைக் கணினி உருவகத்தில் செய்து காட்டினார்கள். புகை மணம் தரும் குவாயகாலை எடுத்துக்கொண்டார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது அது திரவத்தின் மேற்பரப்பில் கூடுகிறது. 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூக்கு மேற்பரப்பைத்தான் சந்திக்கிறது. எங்கள் பெரியவர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு நிறுத்தி நிறுத்தி முகர்ந்ததன் காரணம் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குத் துலங்கியது.

கணக்கு எளிது. அறுபது சதவீத விஸ்கி 30 மில்லியில் 6 மில்லி தண்ணீர் விட்டால் ஐம்பது சதவீதம். 10 மில்லி விட்டால் 45. நான் அறுபதில் முகர்வேன், சிறு துளி நாக்கில் வைப்பேன். பிறகு தேக்கரண்டியால் ஐம்பதுக்கு வருவேன். சில நிமிடம் விடுவேன். அதற்குப் பிறகே 45. ஒரே கிளாஸில் மூன்று விஸ்கி கிடைக்கும். நாற்பதில் அடைத்து வரும் பாட்டிலில் இந்தப் பயணத்தை ஏற்கனவே யாரோ உங்களுக்காக முடித்துவிட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பதும் அவர் முடிவுதான். நாற்பதில் அடைப்பவர்கள் இன்னொரு காரியமும் செய்வார்கள். 46-க்குக் கீழே, குளிரில், கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் பிரிந்து விஸ்கி மங்கலாகும். அழகு கெடுகிறதென்று குளிரவைத்து வடிகட்டிவிடுவார்கள். அந்த எஸ்டர்களோடு நாக்கில் படரும் எண்ணெய்த்தன்மையும் கொஞ்சம் போய்விடும். காஸ்க் ஸ்ட்ரென்த்தைப் பெரும்பாலும் அப்படி வடிகட்டுவதில்லை. தண்ணீர் விட்டதும் விஸ்கியில் லேசாக மங்கல் படர்ந்தால் அதைக் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். அதுதான் சரக்கு.

இதை எழுதும்போது திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. உடம்பு வலிக்குக் குவார்ட்டரை ஒரே மடக்கில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் என் தெருவிலேயே இருந்தார்கள். அந்த வீடுகள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். 61.8 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு அதிக போதை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். 42.8-ல் 30 மில்லியில் சுமார் 13 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 61.8-ல் அது 18.5. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மடக்கென்று குடித்தால் தொண்டையைச் சுடும், வயிற்றைப் புண்ணாக்கும், மணம் ஒன்றும் தெரியாது. அந்தக் கூடுதல் பலம் மணத்தைச் சுமந்து வருவதற்காக இருக்கிறது. அந்த மணத்துக்குப் பொறுமை இல்லாதவர் இதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. எதையும் குடிக்காதவருக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

விஸ்கிக்கும் இந்தக் கரைக்கும் உறவு பழசு. ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1826-ல் தொடங்கிய வியாபாரத்தின் கிடங்கு சென்னைக் கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கப்பலில் வந்த மதுவும் சுருட்டும் அங்கிருந்துதான் வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் போயின. 1951-ல் விட்டல் மல்லையா அந்தக் கம்பெனியை வாங்கினார். பிறகு மெக்டவல் நாட்டுக்கே தெரிந்த பெயராயிற்று. என் சின்ன வயதில் பர்மா பஜாரில் கப்பல்காரர்கள் கொண்டுவந்த பாட்டில் கைமாறும். வாங்கியவர் அதை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார். ஆனால் இந்த நாட்டில் காய்ச்சி, இந்த வெயிலில் முதிர்ந்த மால்ட் உலக அரங்கில் நிற்கும் என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் எங்கள் லேபே நம்பியிருக்காது.

பெங்களூரின் அம்ருத் கம்பெனி 1948-ல் தொடங்கியது. அதன் சிங்கிள் மால்ட் 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் அறிமுகமானது. ஸ்காட்ச்சின் சொந்த வாசலிலேயே போய்க் கதவைத் தட்டிய துணிச்சல் அது. விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் ‘விஸ்கி பைபிள்’ கையேட்டின் 2010 பதிப்பில் அவர்களுடைய ஃப்யூஷனுக்கு நூற்றுக்கு 97 கொடுத்து உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். மதிப்பெண்ணில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. என்னைக் கவர்ந்தது அவர்களுடைய காஸ்க் ஸ்ட்ரென்த். ஸ்காட்லாந்துக் கிடங்கில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஆவியாகப் போகும். பெங்களூரில் பத்து, பன்னிரண்டு. இருநூறு லிட்டர் பீப்பாயில் ஐந்து வருடம் கழித்து அங்கே 180 லிட்டர் மிஞ்சுமென்றால் இங்கே 120-கூடத் தேறாது. அம்ருத்திலேயே எட்டு வருடம் வைத்துப் பார்த்து, 2013-ல் கிரீடி ஏஞ்சல்ஸ் என்று 144 பாட்டில்தான் அடைத்தார்கள். சூட்டில் ஸ்பிரிட் மரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். மரத்தின் வெனிலினும் லாக்டோனும் டானினும் நாலைந்து வருடத்திலேயே ஏறிவிடும். கொஞ்சம் அசந்தால் மரக்கசப்பு தூக்கிவிடும். எப்போது இறக்குவது என்பதில்தான் அம்ருத் பிளெண்டர்களின் கை தெரிகிறது. அவர்களில் சுரிந்தர் குமார் அங்கே செய்த வேலையை இந்தத் தொழிலில் இருந்த எவரும் தலைவணங்கித்தான் பேசுவார்கள்.

பெங்களூரில் நண்பர் வீட்டில் 61.8 சதவீத அம்ருத்தை முதலில் முகர்ந்தபோது என் நோட்டு தானாகத் திறந்துகொண்டது. கொப்பரை, ஆரஞ்சுத் தோல், பாகு பதத்துக்கு வந்த கருப்பட்டி. நாக்கில் வைத்ததும் சுக்கும் கிராம்பும். அந்தக் காரம் ஆல்கஹாலின் எரிச்சல் இல்லை. மரமும் தானியமும் சேர்ந்து தரும் மசாலா. ஆறு மில்லி தண்ணீர் விட்டதும் கருப்பட்டி முன்னால் வந்தது, ஆரஞ்சு தேனாயிற்று. நம் ஆறு வரிசை பார்லியில் புரதம் அதிகம்; அதன் கனம் அடியில் தெரிந்தது. ஸ்காட்லாந்து டிரம்களில் இவ்வளவு பளிச்சென்று நான் கொப்பரையைக் கண்டதில்லை. அங்கே பத்து வருடக் குளிர் எல்லா மூலைகளையும் மழுங்கவைத்திருக்கும். இங்கே ஓரங்கள் கூராக நிற்கின்றன. எது மேல் என்று என்னைக் கேட்டால், இதமான மாலைக்கு ஸ்பேசைடு, மூக்கு விழிப்பாக இருக்கும் நாளுக்கு இது என்பேன். கோவாவில் பால் ஜானின் பீட்டட் செலக்ட் காஸ்க் 55.5 சதவீதம். அதில் புகை இருக்கிறது, அதன் அடியில் தேனும் இருக்கிறது. திறந்ததும் எனக்கு டிரம் அண்ணன் ஞாபகம் வந்தது. ரயில் கட்டைதான், ஆனால் மழைக்குப் பிறகு ஈரமாக இருக்கும் ரயில் கட்டை. அவருக்கு ஒரு கிளாஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவர் குடிப்பதில்லை. "தேன் கீது சார் உள்ள," என்றார். சரியாகச் சொன்னார்.

மூக்கை வைத்துப் பிழைப்பவனுக்கு இந்த ஊர் சோதனையும் கொடுத்தது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் இளைஞர்களும் வாளியால் அள்ளினார்கள். அந்த நாட்களில் ராயபுரம் வரை கனத்த எண்ணெய் நெடி. மாதிரி பார்க்கும் வேலையை நிறுத்திவைத்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் அமோனியாக் கசிவு, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் ஓடினார்கள். எங்களுக்கு அது வேலைத் தடங்கல், அவர்களுக்கு மூச்சு. சுத்தமான காற்று என்பது பிளெண்டருக்கு வேண்டிய சலுகை இல்லை. இந்தக் கரையில் வாழும் எல்லோருக்கும் வர வேண்டிய பாக்கி.

2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தப்படி, 150 சதவீதமாக இருந்த ஸ்காட்ச் இறக்குமதி வரி முதலில் 75 ஆகவும் பத்தாவது ஆண்டில் 40 ஆகவும் இறங்க வேண்டும். டிரம்களும் பாட்டில்களும் கூடுதலாக வரும். வாங்கப்போகிறவர்களுக்குத் தொழில்காரனாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கேன் தண்ணீர் போதும். உப்பு நீக்கிய தண்ணீரில் மணம் கெடாது. குழாய்த் தண்ணீரின் குளோரின் மெல்லிய மணங்களை மூடிவிடும். ஐஸ் வேண்டாம், குளிரில் எஸ்டர்கள் வாய்மூடிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு முகராதீர்கள். பாட்டிலை ஒயின் போலப் படுக்கவைக்கக் கூடாது. அறுபது சதவீத ஸ்பிரிட் கார்க்கைத் தின்றுவிடும். கார்க் உதிர்ந்து விஸ்கியில் விழும். நிமிர்த்தி, இருட்டான அலமாரியில் வையுங்கள், மாடி அறையில் வேண்டாம். பாதிக்குக் கீழே இறங்கியதும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு, கழுத்து வரை நிரம்புகிற மாதிரி, மாற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் காலி இடம் அதிகமுள்ள பாட்டிலைத் திறந்தால் முதலில் வெளியே போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாழைப்பழமும் ஆரஞ்சும்தான்.